அரோமானியருக்கு ஒரு புள்ளி

கள்ளக்குறிச்சியில் போன வாரம் ஒரு புத்தகக் கடையில் நின்றபடி வாய்விட்டுத் திட்டிவிட்டேன். ஆளை இல்லை, அட்லஸை. தம்பி மகளுக்குப் பரீட்சையில் வரைபடம் குறிக்கவேண்டுமாம், வாங்கப் போயிருந்தேன். தம்பி கோவிந்தன் குடும்பத்தோடு களமருதூர்ப் பக்கம் கரும்பு வெட்டில் இருக்கிறான். சித்திரை பிறந்தால் வழக்கப்படி கல்வராயன் மலைக்கு ஏறவேண்டும். இந்த வருஷம் ஏறுவாயா என்று கேட்டால் போனில் பிடிகொடுக்காமல் பேசுகிறான். அட்லஸைக் கொடுக்கிற சாக்கில் நேரில் போய்க் கேட்டுவிடுவது என்று இருந்தேன்.

மற்றவர்கள் அட்லஸ் வாங்கினால் இந்தியாவைப் பார்ப்பார்கள். நான் ஐரோப்பிய மொழிகள் என்ற பக்கத்தைப் பிரித்து, கிரேக்க நாட்டுக்கு வடக்கே அல்பேனியாவும் மாசிடோனியாவும் முட்டிக்கொள்கிற மூலையைத்தான் முதலில் பார்ப்பேன். அங்கே ஊதா நிறத்தில் சில புள்ளிகள் இருக்கவேண்டும். இல்லை. நான் முணுமுணுத்ததைக் கேட்டுக் கடைக்காரர், பக்கம் கிழிந்திருக்கிறது என்று நினைத்து வேறு பிரதி எடுத்துத் தந்தார். அதிலும் இல்லை. அரோமானியர்களைக் காணோம் என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீங்களும் கேட்பீர்கள், யாரய்யா அந்த அரோமானியர் என்று. சொல்கிறேன். புது அட்லஸின் மை வாசனை மூக்கில் ஏறினாலே எனக்குச் சென்னையில் வேலை பார்த்த முதல் அலுவலகம் ஞாபகத்துக்கு வந்துவிடும். ஒரு மெஸ்ஸுக்கு மேல்மாடி. கீழேயிருந்து சாம்பார் தாளிக்கிற வாசனையும், சூடேறிய கம்ப்யூட்டர்களின் வாசனையும் கலந்து வரும். அட்லஸுக்குப் படம் தயாரிப்பதுதான் தொழில். எல்லைக்கோடு இழுப்பது, நதிக்கு நீலம் அடிப்பது, ஊர்ப் பெயர் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நகர்த்தி வைப்பது. இப்போது கள்ளக்குறிச்சியில் பூப்புனித நீராட்டு விழாவுக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் பேனர் அடிக்கிற கை, அன்றைக்குக் கிரேக்கத்துக்கே எல்லை இழுத்த கை. சிரிக்காதீர்கள்.

தெற்கு பால்கன் மொழிகளின் தாள் என் தலையில் விழுந்ததற்குக் காரணம், அதை யாரும் தொடவில்லை. ஜெர்மனி, பிரான்ஸ் எல்லாம் ஒரே வண்ணத்தை ஊற்றினால் முடிந்தது. இது அப்படி இல்லை. கூடவே கொடுத்திருந்த குறிப்புக் கட்டை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். அரோமானியர்கள் என்று ஒரு ஜனம். பேச்சு லத்தீன் வழியில் வந்தது, ருமேனிய மொழிக்குச் சொந்தம். தனி நாடு கிடையாது. கிரேக்கத்தில் பிந்தஸ் மலை நெடுக மெட்சோவோ, சமரினா என்று மலைக்கிராமங்கள். மலையைத் தாண்டினால் அல்பேனியாவில் கோர்ச்சாவைச் சுற்றிக் கொஞ்சம் பேர். வடக்கு மாசிடோனியாவில் க்ருஷெவோ, பல்கேரியாவில் ரோடோபி மலை, பிற்பாடு குடிபெயர்ந்து போனவர்கள் ருமேனியக் கடலோரத்தில். ஒரு தட்டில் சிந்திய சாமை மாதிரி சிதறியிருந்தார்கள்.

படிக்கப் படிக்க எனக்கு வேலை மறந்துபோனது. காரணம் அடுத்த பக்கத்தில் இருந்தது. இவர்கள் ஆட்டுக்காரர்கள். கோடையில் மந்தையோடு பிந்தஸ் மலைக்கு ஏறுவார்கள். குளிர் தொடங்கினால் குடும்பத்தோடு இறங்கி தெசலி சமவெளிக்கும் கடலோரத்துக்கும் போய்விடுவார்கள். தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் இருந்தார்களாம். இப்போது மந்தைகள் குறைந்துபோய், பல பேர் கீழேயே தங்கிவிட்டார்களாம். அடடா, இது நம்ம கதையாக இருக்கிறதே என்று எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்து நாற்காலிக்காரன் கரண்ட் போய்விட்டதா என்று கேட்டான்.

மலையில் ஒரு வெள்ளைப் புள்ளி, சமவெளியில் ஒரு நிறைபுள்ளி, இடையே ஏறவும் இறங்கவும் இரண்டு அம்புக்குறி என்று போட்டுக்கொண்டுபோய் சூப்பர்வைசர் தணிகாசலம் சாரிடம் காட்டினேன். நல்ல மனுஷர்தான். ஆனால் வரைபடம் சுத்தமாக இருக்கவேண்டும் அவருக்கு. குறி விளக்கப் பெட்டியில் இத்தனைக்கு இடம் இல்லை என்றார். நான் விடவில்லை. கடைசியில் அவருக்கும் சலித்துப்போனது.

"ஒரு ஜனத்துக்கு ஒரு எடத்துலதான்யா புள்ளி வெக்க முடியும். கடைசியா எங்க தங்குறான்? அத்த சொல்லு."

நான் தாளைத் திரும்ப என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பதில் தெரியாமல் இல்லை. அந்தக் கேள்வியே என் அம்மாவை ஏமாற்றிய கேள்வி.

எங்கள் ஊர் கல்வராயன் மேலே, வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிற தூரத்தில் இருக்கிறது. பெயரைச் சொன்னால் வெள்ளிமலைக்காரரே யோசிப்பார். ஆடியில் சாமையும் கேழ்வரகும் விதைப்போம். அறுத்து முடித்து, பொங்கல் கழிந்தால் ஊரே கரும்பு வெட்ட இறங்கும். எலவனாசூர்கோட்டை, களமருதூர் என்று மேஸ்திரி சொல்கிற இடத்தில் காய்ந்த கரும்பிலைச் சோகையில் கொட்டாய் போட்டுக்கொள்வோம். சித்திரையில் திரும்ப ஏறிவிடுவோம். இறங்கும்போது வீட்டைப் பூட்டுகிற வழக்கம் கிடையாது. வாசலுக்குக் குறுக்கே ஒரு முள்கிளை. உள்ளே விட்டத்தில் சுரைக்குடுக்கை நிறைய விதைச் சாமை தொங்கும். பூச்சி அண்டாமல் இருக்க நொச்சித் தழையைத் திணித்திருப்பார்கள். விதை எங்கே தொங்குகிறதோ அதுதான் வீடு. மற்றதெல்லாம் கொட்டாய். மூன்று மாதம் கீழே இருந்துவிட்டுத் திரும்பி வந்து முள்கிளையை இழுத்துப்போட்டுக் கதவைத் திறக்கும்போது அடிக்கிற நொச்சி வாசனை இருக்கிறதே, அதைச் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது.

ஒரு மாசி மாதம் தலைக்கட்டு எண்ணுகிற சென்சஸ்காரர்கள் வந்தார்கள். கரும்புக் காட்டுக்கு வந்தவர் எங்கள் கொட்டாய்க்கு முன்னால் நின்று, இந்த வீட்டில் எத்தனை பேர் குடியிருக்கிறீர்கள் என்று அம்மாவைக் கேட்டார். அம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"இது இன்னா வூடாங்க? எங்க வூடு மலையில இருக்குது. இங்க யாரும் குடியில்லங்க."

அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அதே மாசியில் மலைக்கு ஏறிய இன்னொருவர் ஒவ்வொரு வாசலிலும் முள்கிளையைப் பார்த்துவிட்டு, ஆள் இல்லாத ஊர் என்று எழுதிக்கொண்டு இறங்கிவிட்டார். ஆக, மேலேயும் நாங்கள் இல்லை, கீழேயும் இல்லை. அம்மாவுக்கு இது தெரியாது. வந்த ஆளுக்குச் சரியாகப் பதில் சொன்னதாக அன்றைக்குக் கூழ் ஊற்றும்போது பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் கொட்டாய் வரிசையில் எல்லாப் பெண்களும் அதே பதிலைத்தான் சொல்லியிருந்தார்கள். வேறு எந்த ஊர்க்காரராவது இருக்கிற இடத்தைக் காட்டி இங்கே நாங்கள் இல்லை என்று சொல்வார்களா? எங்கள் ஆட்கள் சொல்வார்கள்.

விளைவு மெதுவாகத்தான் வந்தது. வெள்ளிமலையிலிருந்து எங்கள் ஊருக்குத் தார் ரோடு கேட்டால் அங்கே யார் இருக்கிறார்கள் என்றார்கள். ஓலைக்கூரைப் பள்ளிக்கூடம் ஓட்டுக்கூரை ஆனது, வாத்தியாரும் வந்தார். ஆனால் பிள்ளைகள் எண்ணிக்கையைச் சரிபார்க்க வருகிறவர்கள் சொல்லிவைத்த மாதிரி மாசி, பங்குனியில் வருவார்கள். பிள்ளைகள் எல்லாம் கீழே கரும்புக் கட்டுக்குப் பக்கத்தில் விளையாடிக்கொண்டிருக்கும். ஆடியில் வந்து பாருங்களேன் என்று நானே மனு எழுதிக்கொண்டுபோய் அலைந்திருக்கிறேன். கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தை மூடி, நாலு மேடு தாண்டி இருக்கிற பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். யாரிடம் கோபப்படுவது என்றுதான் இன்றைக்கும் தெரியவில்லை. வந்து எண்ணியவர்கள் பொய் எழுதவில்லை. அவர்கள் பார்த்தபோது நாங்கள் உண்மையிலேயே அங்கே இல்லை.

தணிகாசலம் சாரிடம் இதையெல்லாம் சொன்னேனா என்றால், இல்லை. மலையிலாவது புள்ளி வையுங்கள் சார் என்று மட்டும் கெஞ்சினேன். வைத்தார். அம்புக்குறிகள் போயின. பிந்தஸ் மலையில் ஊதாப் புள்ளிகள் மட்டும் அச்சாகி வந்தன. பாதி ஜெயித்த மாதிரி எனக்கு. அந்தப் புள்ளிகளையும் இப்போது யாரோ துடைத்துவிட்டார்கள். ஜனம் குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்தால் காட்டவேண்டாம் என்று விதி போட்டிருப்பார்கள்.

சரி, களமருதூருக்கு வருகிறேன். அட்லஸோடு போனபோது வெட்டு முடிந்து, பாதிக் கொட்டாய்களைப் பிரித்திருந்தார்கள். கோவிந்தனுடைய கொட்டாய் மட்டும் அப்படியே நின்றது. முன்பக்கம் புதிதாகத் தகரம் வேறு போட்டிருந்தான். குனிந்து உள்ளே நுழைந்தேன். நொச்சி வாசனை அடித்தது.

மேலே பார்த்தேன். மூங்கில் விட்டத்தில் எங்கள் வீட்டுச் சுரைக்குடுக்கை தொங்கிக்கொண்டிருந்தது.

குடுக்கையை எட்டித் தொட்டுப் பார்த்தேன். அப்புறம் நிறையப் பேசினேன். விதையை இறக்கலாமா, அம்மா இருந்தால் விடுவாளா, எல்லாரும் இறங்கிவிட்டால் அட்லஸில் அரோமானியர் புள்ளி போன மாதிரி நாளைக்கு அந்த ஊரே இருந்ததில்லை என்று சொல்லிவிடுவார்களே என்று சத்தம் போட்டேன். கோவிந்தன் அரிவாளைத் துடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டான். பாப்பாவை இங்கே பள்ளியில் சேர்த்தாகிவிட்டது, நன்றாகப் படிக்கிறாள், மேலே போனால் தினமும் நாலு மேடு அவளால் ஏறி இறங்க முடியாது என்றான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"நீ டவுன்ல இருந்துக்கினு பேசுற. நாங்க மலையில இருந்துக்கினு உனுக்குப் புள்ளி காட்டணுமாண்ணா?"

நானே இறங்கி எத்தனையோ வருஷம் ஆகிறது. என் வீட்டு விட்டத்தில் ஃபேன்தான் தொங்குகிறது. அட்லஸை அவன் கையில் கொடுத்துவிட்டு, அவன் பெண்டாட்டி கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு வேறு யார் மேலும் இல்லாத எரிச்சல் தணிகாசலம் சார் மேல் வந்தது. அநியாயம்தான், அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு இன்றைக்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஏறவும் இறங்கவும் அம்புக்குறி வேண்டாம் சார், வெள்ளைப் புள்ளியும் வேண்டாம். கடைசியாக எங்கே தங்குகிறான் என்றீர்களே, களமருதூரில் தங்குகிறான். ஒரு புள்ளி போதும். உங்கள் குறி விளக்கப் பெட்டியில் இடம் மிச்சம்.