ஜெயபாலன் கப்பல் வெடிக்கக் கூடாது

காஜா பெராங் வட்டாரத்தில் அப்பாசாமியின் முடிவெட்டும் கடைக்குச் சனிக்கிழமைகளில் வழுக்கைத் தலையர்களும் வருவார்கள். கதை கேட்கத்தான். மலாயா சுதந்திரம் பெற்ற அதே வருஷம் ரஷ்யாக்காரன் வானத்தில் செயற்கைக்கோளைப் பறக்கவிட்டான். அன்றைக்கு மேலே போன அப்பாசாமியின் கற்பனை அப்புறம் கீழே இறங்கவேயில்லை. சாமி படத்துக்குச் சூடம் காட்டிவிட்டுக் கத்தியைத் தீட்டினாரென்றால் ஆகாயத்தில் போர் மூண்டுவிடும்.

கதையில் வரும் விண்கப்பல்களுக்கெல்லாம் வாடிக்கைக்காரர்கள் பெயர்தான். மளிகைக்கடை பொன்னுதுரை பெரிய போர்க்கப்பல். தடித்த தோல், ஆடி அசைந்து வரும், நடுவில் நின்றபடியே தூரத்து எதிரியை அடிக்கும். காப்பிக்கடை சங்கரன் தாய்க்கப்பல். குட்டி விமானங்களை வயிற்றில் சுமக்கும், தான் சண்டைக்குப் போகாது. தபால்காரர் ஜெயபாலன் வேவுக்கப்பல். ஆயுதம் கிடையாது, வேகம் உண்டு. எல்லாருக்கும் முன்னே ஓடி எதிரி எங்கே என்று பார்ப்பது அதன் வேலை. முதல் அடியும் அதற்குத்தான்.

அந்த வாரம் எதிரி சனிக்கோளின் வளையத்துக்குப் பின்னால் பதுங்கியிருந்தான்.

“அடுத்த வாரம் ஜெயபாலன் உள்ள நுழைவாரு. திரும்பி வர்றது சந்தேகந்தான்” என்று சொல்லி அப்பாசாமி துண்டை உதறினார்.

வெள்ளிக்கிழமை ஜெயபாலனின் மனைவி ருக்மணி கடை வாசலில் வந்து நின்றாள். பெண்கள் வருகிற இடமல்ல அது. நாற்காலியில் இருந்தவர் சோப்பு நுரையோடு எழுந்துவிட்டார்.

“அண்ணே, எங்க வீட்டு மனுசன சனி வாசல்ல வச்சி வெடிக்கப் போறீங்களாமே?”

“கதைதானேம்மா.”

“கதையோ கிதையோ! மகளுக்குத் தாலி ஏறப்போற நேரம். கிளேபாங்குல இருக்கற சம்பந்திக்குச் சகுனம்னா உசுரு. அவரு காதுல விழுந்தா கல்யாணமே நின்னுரும்ணே.”

அவள் கண் கலங்கியதும் அப்பாசாமி வேறு கப்பலை யோசித்தார். போர்க்கப்பலை முன்னால் விடலாமென்றால் பொன்னுதுரைக்கும் பிள்ளைகுட்டி உண்டு. தாய்க்கப்பல் போனால் குட்டிகள் இறங்க இடமில்லை. யாரையும் விடாமலிருந்தால் எதிரி இருக்கிற இடமே தெரியாது. மாரியம்மா, நீயே வழிகாட்டு என்று வேண்டிக்கொண்டே அன்று முழுக்க முடி வெட்டினார்.

சனிக்கிழமை புதுக்கப்பல் ஒன்று கிளம்பியது. தண்ணீரும் சோறும் சுமக்கிற கிழட்டுக் கப்பல். உள்ளே ஓட்டுகிற ஒருவனைத் தவிர ஆளில்லை. போர்க்கப்பல் மாதிரி எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு நேராக வளையத்துக்குள் போனது. எதிரி ஏமாந்து சுட்டான். இருட்டில் பின்னால் ஒளிந்து வந்த ஜெயபாலன் பீரங்கி வெளிச்சத்தைப் பார்த்துத் தகவல் சொல்ல, பொன்னுதுரை தூரத்திலிருந்தே எதிரியைத் தூளாக்கினார்.

“ஜெயபாலன் முழுசா வந்துட்டாரு. வெடிச்சது அப்பாசாமிங்கற கப்பல்.”

பாதி மழித்த முகத்தோடு பொன்னுதுரை திரும்பினார். “அடப்பாவி! அப்ப எங்கழுத்துல கத்தி வச்சிருக்கறது ஆவியா?”

கடையே குலுங்கிச் சிரித்தது. சாயங்காலம் ருக்மணி மாரியம்மன் கோயில் அர்ச்சனைத் தட்டோடு வந்து, “உங்க பேருக்குத்தாண்ணே” என்று திருநீற்றை நீட்டினாள். அவர் நெற்றி நிறையப் பூசிக்கொண்டார்.

கல்யாணம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. பந்தியில் கிளேபாங் சம்பந்தி பாயச வாளியோடு அப்பாசாமியின் இலைக்கு முன் நின்றார்.

“வெடிச்சுப்போனவரு நீங்கதானே? எல்லாம் காதுக்கு வந்துச்சு. நல்லாச் சாப்பிடுங்க!”