சைக்கிள் கடைத் தாம் பலகை

எழுபதுகளின் கடைசியில் கல்முனையில் ஒரு சைக்கிள் கடைக்காரரைத் தெரியும். தடித்த கழுத்து, கிறீஸ் ஏறிய விரல்கள். பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு கடைவாசலில், கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தாம் ஆட்டப் பலகையை எடுத்து வைப்பார். சோடா மூடிகள்தான் காய்கள். வெட்ட வேண்டிய இடத்தில் எதிராளி வெட்டாமல் விட்டால், அந்தக் காயை ஊதி எடுத்துவிடலாம் என்பது ஆட்டத்தின் விதி. இவர் எதிராளியின் முகத்துக்கு நேரே ஊதுவார்.

தினமும் எதிரே உட்கார்ந்தவர் அவருடைய தங்கையின் புருஷன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது, மாப்பிள்ளைதான் அங்கே குடிவருவார். ஏதோ சண்டையில் கடைக்காரர் அவரை அந்த வீட்டிலிருந்து வெளியேற்றியிருந்தார்.

"ஒரு ஆட்டம் வெல்லு மச்சான், ஊட்டுக்கு வரலாம்" என்பார். மச்சான் வென்றதே இல்லை.

ஒரு நாள் கடைக்காரரே வெட்டைக் கவனிக்கத் தவறினார். மச்சான் அந்தக் காயை எடுத்து அவர் முகத்தில் ஊதினார். தோல்வி நிச்சயம் என்று தெரிந்ததும் கடைக்காரர் பலகையைக் கவிழ்த்தார்.

"சோடா மூடிய வெச்சி என்ட தங்கச்சிய வெல்லப் பாக்கிறியா?"

"பந்தயம் வெச்சது ஆரு? நீதானே!"

பக்கத்தில் நின்று பார்த்த நான், பத்திரிகைக்குச் செய்தி சேகரிக்கும் பழக்கத்தில் கேட்டேன்: "தங்கச்சி என்ன சொல்றா?"

மூடிகளைப் பொறுக்கிய இருவரும் நிமிர்ந்து, ஒரே கட்சிக்காரர்கள் போல என்னை முறைத்தார்கள்.

"அவக்கிட்ட ஆரு கேட்ட?" என்றார் கடைக்காரர்.

மறுநாளும் பலகை வந்தது. மச்சானைத் துரத்த விரும்பினாரா, எதிரிலேயே வைத்திருக்க விரும்பினாரா என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.