ஆற்றை பொடியன்?

இது சிவகரனுக்கு நடந்தது. நடந்திருக்காது என்று சொல்பவர்கள் இரண்டு வகை. யாழ்ப்பாணத்தில் ஆறே இல்லை என்பவர்கள் ஒரு வகை. இருந்தாலும் அதில் முழங்கால் நனையாது என்பவர்கள் மற்ற வகை. போன டிசம்பர் முதல் சனிக்கிழமை, பின்னேரம் 5.52 வரை, சிவகரனும் இரண்டாவது வகைதான்.

யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு உண்டு. வழுக்கையாறு. பெயருக்கேற்ற மாதிரி வருடத்தில் முக்கால்வாசி நாள் அதன் தலையில் ஒன்றும் இராது. மாரியில் மட்டும் அளவெட்டிப் பக்கத்து வயல்களில் நீர் சேர்ந்து, கந்தரோடை, சங்குவேலி, நவாலி என்று தவழ்ந்து, அராலியில் கடல்நீரேரிக்குள் விழும். மாரி பிந்தினால் விழாது. அங்கங்கே படுத்திருக்கும். அந்த வருடம் மாரி பிந்தியிருந்தது.

சிவகரன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். முகநூலில் சைக்கிள் பயணக்காரர்களின் குழு ஒன்றில் சேர்ந்திருந்தான். வெளிநாட்டுக்காரர்கள் மலை இடுக்குகளுக்குள், ஆற்றோரமாக, வானம் ஒரு நாடா மாதிரித் தெரியச் சைக்கிள் ஓடும் படங்களைப் போடுவார்கள். இவன் பதில் போட்டான்: "யாழ்ப்பாணப் பெரும் பள்ளத்தாக்கின் ஊடாக முதலாவது சைக்கிள் பயணம். விபரம் விரைவில்." மேடும் இல்லாத பள்ளமும் இல்லாத ஊரில் அவனிடம் இருபத்தொரு கியர் சைக்கிள் ஒன்று இருந்தது. அதற்கும் ஒரு வேலை வேண்டுமே.

கூட வருவதாகச் சொன்னவன் சுதாகரன். 2.40க்கு அவனிடமிருந்து குரல் பதிவு வந்தது. "மச்சான், கடும் காய்ச்சலடா. நீ போட்டு வா." பின்னால் யாரோ "அவுட்!" என்று கத்துவது கேட்டது.

சிவகரன் தனியாகக் கிளம்பினான். அது அவனுக்குப் பழக்கம். கொக்குவிலில் ஒரு வீட்டின் பின் அறையில் தனியாகத்தான் இருந்தான். அம்மா இறந்து இரண்டு வருடம். அப்பா சீவரத்தினம், இவனுக்குப் பன்னிரண்டு வயதில் கனடாவுக்குப் போய், அங்கே இன்னொரு குடும்பமாகிவிட்டார். அம்மாவின் செத்த வீட்டுக்கு அடுத்த நாள் அவர் எடுத்ததுதான் கடைசிப் போன். அதற்குப் பிறகு அந்தப் பெயரை இவன் வாயால் சொல்வதில்லை. படிவங்களில் மட்டும் எழுதுவான்.

3.20. ஆறு தொடங்கும் அளவெட்டியில் ஒரு தேத்தண்ணிக் கடை. கடைக்காரர் பிளேன்ரீயை வைத்தபடி கேட்டார்.

"தம்பி ஆற்றை பொடியன்?"

'ஆற்றை' என்றால் 'யாருடைய'. யாழ்ப்பாணத்தில் மனிதர்களைத் திறக்கிற சாவி அதுதான். பெயரெல்லாம் பிறகு. ஆனால் எழுதிப் பார்த்தால் அந்தச் சொல்லுக்குள் ஓர் ஆறும் ஓடும். சிவகரனுக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. பகிடி பிடிக்கும்.

"ஓம் ஐயா, ஆத்தின்ரை பொடியன்தான். வழுக்கையாறு பெத்தது."

"உவனுக்கு விசர்," என்றார் கடைக்காரர், பக்கத்தில் இருந்தவரிடம்.

கந்தரோடையில் ஓர் அம்மா கேட்டார். அதே பதில். சங்குவேலியில் மாடு கட்டிக்கொண்டு நின்றவர் கேட்டார். அதே பதில். அன்றைய பயணத்தின் ஒரே வெற்றி அந்தப் பகிடிதான். ஆற்றில் தவளை இருந்தது, பிளாஸ்ரிக் போத்தல் இருந்தது. கரை இடுப்பளவு உயரம். படம் எடுக்க ஒன்றும் இல்லை. பதிவு போடுவதற்காக நேரங்களை மட்டும் ஒழுங்காகக் குறித்துக்கொண்டான். அதனால்தான் இங்கே இவ்வளவு துல்லியம்.

5.52. நவாலிக்கு அங்கால், வயல்களுக்கு நடுவே ஒரு மதகு. சூரியன் போகிற நேரம். மதகின் கட்டுச் சுவரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். சேலை இடுப்பு வரை நனைந்திருந்தது.

மதகின் கீழே நிலம் காய்ந்து வெடித்துக் கிடந்தது.

அதை அவன் பார்த்தான். யோசிக்கவில்லை.

"தம்பி, நீ ஆற்றை பொடியன்?"

"ஆத்தின்ரை பொடியன்."

அவள் சிரிக்கவில்லை. ஏசவும் இல்லை.

"மெய்யாவோ?"

"ஓம்."

"வேறை ஒருத்தரும் இல்லையோ உனக்கு?"

பகிடியை இடையில் விட அவனுக்கு மனமில்லை. அல்லது, அந்த இடத்தில் அது பகிடியாக இருக்கவில்லை. "இல்லை," என்றான்.

"அப்ப வா."

"நேரம் போகுது. நான் போட்டு வாறன்," என்று எல்லோரும் விடைபெறுகிற மாதிரிச் சொல்லிவிட்டு மிதித்தான். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் அவள் தனக்குள் சொல்வது மட்டும் கேட்டது.

"வாறானாம்."

5.58. முன்சில்லு தெருவில் ஈரக்கோடு போட்டுக்கொண்டு போனது. தெரு காய்ந்திருந்தது. சில்லும் காய்ந்துதான் இருந்தது, தொட்டுப் பார்த்தான்.

6.03. தண்ணீர் ஓடும் சத்தம். சள... சள... இடப்பக்கமா, வலப்பக்கமா என்று தெரியவில்லை. போன் வரைபடத்தைத் திறந்தான். நீலப் புள்ளி தெருவில் இல்லை. ஆற்றின் கோட்டுக்கு நடுவில் நின்றது. அவன் மிதித்துக்கொண்டுதான் இருந்தான். புள்ளி அசையவில்லை.

6.07. மிதிப்பதை நிறுத்தினான். சைக்கிள் நிற்கவில்லை. உருண்டது. வேகம் கூடியது. இறக்கம்! அந்த ஊரில் பிறந்து வளர்ந்த இருபத்தொரு வருடத்தில் அவன் இறக்கம் என்ற ஒன்றைக் கண்டதில்லை. பிரேக்கைப் பிடித்தான். பிடித்தது. ஆனாலும் போனது.

6.11. இரண்டு பக்கமும் கரை. இடுப்பளவு இருந்தது தோளளவு. பிறகு தலைக்கு மேலே. பிறகு பனையளவு. கறுத்த ஈர மண். வேர்கள். மேலே வானம் ஒரு நாடா.

அவன் கேட்ட பள்ளத்தாக்கு.

போனை எடுத்தான். யாருக்கு எடுப்பது? விரல் பெயர்களின் மேல் போய்க்கொண்டே இருந்தது... எங்கும் நிற்கவில்லை. இன்று இரவு அவன் வராவிட்டால் யாருக்கும் தெரியாது. நாளை ஞாயிறு, நாளையும் தெரியாது. திங்கள் விரிவுரையில் வரவு எடுக்கும்போது தெரியலாம். அதுவும் தெரியாது. சுதாகரன் அவனுக்கும் சேர்த்துக் கையெழுத்து வைத்துவிடுவான்.

6.15. போனில் சிக்னல் போனது.

6.16. தண்ணீர். முதலில் குதிகால். பிறகு கணுக்கால். குளிர்.

சைக்கிளை விட்டு இறங்கினான். திரும்பி நடந்தான். நடந்த பக்கமும் இறக்கம்தான்.

சள... சள...

அந்தச் சத்தத்துக்குள் வேறு சத்தம் இருந்தது. சின்னக் குரல்கள். கிசுகிசு.

"தள்ளி இரு..."

"அண்ணைக்கு இடம் விடு..."

"ஆற்றை அண்ணை?"

"எங்கடை."

6.19. முழங்கால்.

அவள் அருகில்தான் நின்றாள். எங்கே என்று தெரியவில்லை. குரல் மட்டும் காதுக்குப் பக்கத்தில்.

"வா ராசா."

அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. இது வழி கேட்கும் விசயமில்லை. ஓடும் விசயமுமில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும். யாருடைய பொடியன் என்று சொல்ல வேண்டும்.

வாய் திறந்தது. அப்பாவின் பெயர் வரவில்லை. அம்மாவின் பெயரைச் சொன்னான்.

"அவ இஞ்சாலைப் பக்கம்தானே," என்றாள் அவள். "உங்காலைப் பக்கம் ஆர் இருக்கினம்?"

தொடை வரை ஏறிவிட்டது.

"சீவரத்தினம்!" என்று கத்தினான். "சீவரத்தினத்தின்ரை மோன்! நான் சீவரத்தினத்தின்ரை மோன் சிவகரன்!"

தண்ணீர் நின்றது. சத்தம் நின்றது. எல்லாம்.

"எந்தச் சீவரத்தினம்?"

"கொக்குவில்... இப்ப கனடா. ரொறன்ரோ."

"அப்பிடியோ..."

யாரோ சேலைத் தலைப்பைப் பிழிவது போல ஒரு சொட்டுச் சத்தம்.

"கேட்டுப் பாக்கிறன்."

மணிக்கூட்டைப் பார்த்தான். ஏன் பார்த்தான் என்று தெரியாது. 6.21.

அடுத்து அவன் கண்ணில் பட்டது வெளிச்சம். ஒரு லான்ட்மாஸ்ரர் உழவுயந்திரம் வயற்கரையில் படபடவென்று நின்றது. அதை ஓட்டி வந்தவர் இறங்கி ஓடி வந்தார். பெயர் முத்துக்குமாரு. அந்த வயல்காரர்.

"தம்பி! உதுக்கை நிண்டு என்ன செய்யிறீர்?"

சிவகரன் ஆற்றுப் படுகையின் நடுவில் நின்றிருந்தான். காலடியில் வெடித்த மண். கரை இடுப்பளவு. சைக்கிள் பக்கத்தில் ஸ்ராண்டில் ஒழுங்காக நிறுத்தப்பட்டிருந்தது.

"ஆரோடை கதைச்சுக்கொண்டு நிண்டனீர்?"

அவர் அவனுடைய காற்சட்டையைப் பார்த்தார். தொடை வரை நனைந்து ஒழுகியது. பிறகு ஆற்றைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. சைக்கிளை உழவுயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் தூக்கிப் போட்டு, பிரதான வீதி வரை கொண்டு வந்து விட்டார். இறக்கி விடும்போது மட்டும் சொன்னார்.

"ஆர் கேட்டாலும் சரியான பேரைச் சொல்லிப்போட்டு வந்திட வேணும், தம்பி. சொன்னனீரோ?"

"ஓம்."

"அப்ப பயமில்லை. வீட்டை போம்."

சிவகரன் வீட்டுக்குப் போனான். வெளிச்சத்தை அணைக்காமல் படுத்தான். பயமிருந்தது. ஆனால் அதற்குள் சின்னதாக வேறொன்றும் இருந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரைக் கத்தியிருக்கிறான். அந்தப் பெயர் அவனைத் தூக்கி வெளியே போட்டிருக்கிறது. அப்படியானால் அந்தப் பெயருக்கு இன்னும் பலம் இருக்கிறது. அதை நினைத்துக்கொண்டு நித்திரையானான்.

ஞாயிறு காலை 5.50. போன் அடித்தது. வெளிநாட்டு இலக்கம்.

"தம்பி... அப்பா கதைக்கிறன்."

இரண்டு வருடம். குரல் கொஞ்சம் தேய்ந்திருந்தது.

"சுகமாய் இருக்கிறியோ?"

"ஓம்."

"ஒண்டுமில்லையே உனக்கு?"

"இல்லை. ஏனப்பா?"

அப்பா என்ற சொல் தானாக வந்துவிட்டது.

"இண்டைக்குக் காலமை இஞ்சை ஒரு பொம்பிளை வந்தது. கதவைத் தட்டிச்சுது. எங்கடை ஆக்கள்தான். எங்கடை கதை. நாங்கள் இருக்கிறது ஒன்பதாம் மாடி, கீழை பூட்டு. எப்பிடி ஏறினதெண்டு தெரியேல்லை. வெளியிலை பனி கொட்டுது, காலிலை செருப்பில்லை. சீலை இடுப்பு மட்டும் ஈரம்."

"எத்தினை மணிக்கு?"

"ஏழு அம்பத்தொண்டு. வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிண்டனான்."

அங்கே காலை ஏழு ஐம்பத்தொன்று. சிவகரன் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தான். பத்தரை மணித்தியாலம் வித்தியாசம். இங்கே மாலை ஆறு இருபத்தொன்று.

"என்ன கேட்டது?"

"கொக்குவில் சிவகரன் உன்ரை மோனோ எண்டு கேட்டது."

கொக்குவிலில் விடிந்துகொண்டிருந்தது. சிவகரன் போனை இரண்டு கையாலும் பிடித்தான்.

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"மனிசி பக்கத்திலை நிண்டவ, தம்பி. பிள்ளையளும் மேசையிலை இருந்ததுகள். அதுகளுக்கு உன்னைப் பற்றி..."

"அப்பா. என்ன சொன்னீங்கள்?"

"இல்லையெண்டு சொல்லிப்போட்டன்."



"அதுக்கு அது என்ன சொன்னது?"

"ஒண்டும் பெரிசாய்ச் சொல்லேல்லை," என்றார் அப்பா. "தலையை ஆட்டிச்சுது. 'அப்ப என்ரைதான்' எண்டு சொல்லிப்போட்டுப் படியாலை இறங்கிப் போச்சுது."