புஷ்பபாயின் பதிவு அட்டை

எங்கள் பக்கத்தில் ஒரு தேங்காய் விழுந்தால் அது ஏதாவது ஒரு பட்டதாரியின் தலையில்தான் விழும். கேரள எல்லைக்குள் பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் அத்தனை பேர் படித்துவிட்டு வீட்டில் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி புஷ்பபாய். செறுவாரக்கோணத்துக்காரி, ரப்பர் பால் வெட்டுபவரின் மகள். பி.எஸ்ஸி. கணிதம், பி.எட். அவளைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. அவளுடைய பன்னிரண்டு வருடத்தைப் பாழாக்கியவன் சுந்தரதாஸாகிய நான்தான். வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

1987 மார்ச்சில் அவள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயர் பதிந்தாள். பதிந்த தேதிதான் அங்கே எல்லாம். முதலில் பதிந்தவருக்கு முதலில் அழைப்பு வரும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை போய் அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க மறந்தால் வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். முப்பத்தைந்து வயது தாண்டினால் வரிசையிலேயே இடமில்லை. இவ்வளவு காத்திருந்து கிடைப்பதும் அரசுப் பள்ளியில் நூற்று எழுபத்தொன்பது நாள் தற்காலிக வேலை. அந்த நூற்று எழுபத்தொன்பது நாளுக்காக அவள் பன்னிரண்டு வருடம் ஊர்ப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரசுப் பள்ளியில் ஒருமுறையாவது கரும்பலகை முன்னால் நிற்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. பெரிய ஆசை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான் மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்து, 1998 கடைசியில் உதியன்குளங்கரையில் ஒரு மாடி அறையில் மூன்று கம்ப்யூட்டர் போட்டேன். இன்டர்நெட் வழியாக அமெரிக்காவிலிருந்து வேலை வரும், இனி எவனும் பஸ் ஏறி வேலை தேட வேண்டாம் என்று நோட்டீஸ் அடித்து பாறசாலை ஸ்டேஷன் வரைக்கும் ஒட்டினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நோட்டீஸைப் பார்த்து நாற்பது பேர் வந்தார்கள். தட்டச்சு தெரிந்த ஆறு பேரை எடுத்தேன். அவர்களில் மூத்தவள் புஷ்பபாய், வயது முப்பத்து மூன்று.

திருவனந்தபுரத்தில் ஒரு ஏஜென்சி எங்களுக்கு வேலை பிடித்துக் கொடுத்தது. அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்ன ஊரின் கல்லறைப் பதிவேடு. பழைய தாள்களைப் படமெடுத்து இன்டர்நெட்டில் அனுப்புவார்கள். இறந்தவரின் பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம், வயது ஆகியவற்றைப் பார்த்து அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். மொத்தம் ஆறாயிரம் பேர். உதியன்குளங்கரையில் உயிரோடு இருப்பவர்களுக்கு வழியைக் காணோம், நாங்கள் அமெரிக்காவில் செத்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தோம்.

வேலை லேசில்லை. ஒரு பக்கம் இறங்கி வருவதற்குள் டெலிபோன் லைன் மூன்று தடவை அறுந்துவிடும். சாயங்காலம் அரை மணி நேரம் கரண்ட் கட். எல்லையில் உள்ள இஞ்சிவிளைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் விளக்கு எரியும், இந்தப் பக்கம் நாங்கள் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு கறுத்துப்போன திரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். புஷ்பபாய் அந்த நேரத்தையும் வீணாக்க மாட்டாள். அடித்த பக்கங்களின் அச்சுப் பிரதியை எடுத்து, பென்சிலால் கூட்டிக் கழித்துச் சரிபார்ப்பாள்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அண்ணா, இத பாத்தியளா? 1871-ல பிறந்தவரு 1934-ல மரிச்சிருக்காரு. வயசு எழுபத்து மூணுன்னு எழுதி வச்சிருக்கு. அறுபத்து மூணுல்லா வரும்?"

"ஆமா மக்கா, சரியாக்குமே!"

"இதுமாதிரி நெறைய உண்டு. நான் எல்லாத்தையும் திருத்திட்டுத்தான் வாறேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நம்ம ஊர்ப் பெண்பிள்ளை அமெரிக்காக்காரனின் கணக்கைத் திருத்துகிறாள் என்று டீக்கடை முழுக்கச் சொல்லித் திரிந்தேன். வேலையோடு வந்த விதிமுறைத் தாள் பதினோரு பக்கம். நான் மூன்றாம் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டு, முழுதும் படித்துவிட்டதாக அந்த ஆறு பேரிடமும் சொல்லியிருந்தேன்.

மார்ச் மாதக் கடைசியில் புஷ்பபாய் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, கார்டு புதுக்கணும். இந்த மாசம் கழிஞ்சா பின்ன ரெண்டு மாசந்தான் தவண தருவாவ. நாளைக்கு ஒரு நாளு போயிட்டு வரட்டா?"

அடுத்த நாள்தான் முதல் தவணையாக இரண்டாயிரம் பெயரை அனுப்ப வேண்டிய நாள். எனக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

"இனி எதுக்கு மக்கா அந்தக் கார்டு? அது வேல இல்லாதவங்களுக்கு உள்ளதாக்கும். ஒனக்குத்தான் வேல உண்டே!"

அவள் சிரித்தாள். 'உனக்கு வேலை உண்டு' என்று பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒருவன் சொல்கிறான். சந்தோஷமாகத்தான் சிரித்தாள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதன்பிறகு அட்டையைப் பற்றி அவள் பேசவில்லை. ஏப்ரலும் மேயும் வேலையிலேயே போயின. மே கடைசியில் ஆறாயிரம் பெயரையும் அனுப்பி முடித்துவிட்டு எல்லோருக்கும் டீயும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் எட்டாம் தேதி அமெரிக்காவிலிருந்து பதில் வந்தது. மொத்தம் நான்கு வரி. ஆறாயிரம் பதிவில் இருநூற்றுப் பன்னிரண்டில் மூலத்தில் உள்ள எண் மாற்றப்பட்டிருக்கிறது. ஆயிரத்துக்கு ஒரு பிழைக்கு மேல் ஏற்பதில்லை. முழு வேலையும் நிராகரிக்கப்படுகிறது. இனி வேலை அனுப்புவதாக இல்லை. விதிமுறைத் தாளை எடுத்து, படிக்காமல் விட்ட பக்கங்களைப் புரட்டி ஏழாம் பக்கத்தில் நின்றேன். கறுத்த எழுத்தில் இருந்தது: கண்டதைக் கண்டபடியே அடிக்கவும். தவறு தெரிந்தாலும் திருத்தக் கூடாது.

அவள் திருத்திய இருநூற்றுப் பன்னிரண்டும் சரியான கணக்கு. அதுதான் பிழையாகிப்போனது.

புஷ்பபாய் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தாள். "நான் கேட்டிருக்கணும், என் தப்பாக்கும்" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த வாரமே சத்தியபாய் மாடி ஏறி வந்தாள். புஷ்பபாயோடு பி.எட். படித்தவள். 1987-ல் இருவரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே நாளில் பதிந்தவர்கள், இவளுக்கு அடுத்த எண் அவளுடையது. கையில் அரசாங்கக் கவர்.

"எனக்கு வந்தாச்சு புஷ்பா! கணக்கு டீச்சர். திங்கக்கிழம சேரணும். ஒரு ஃபாரம் டைப் அடிச்சுத் தா. ஒனக்கு எந்த ஸ்கூலு?"

புஷ்பபாய் ஃபாரத்தை வாங்கிப் பார்த்து கம்ப்யூட்டரில் அடிக்க ஆரம்பித்தாள். ஒரு பிழை இல்லாமல் அடித்து முடித்து, அச்சுத் தாளை எடுத்துக் கொடுத்தபிறகுதான் பதில் சொன்னாள்.

"எனக்கு வராது. நான் கார்டு புதுக்கல்ல."

சத்தியபாய் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மறுவாரம் நானே வற்புறுத்தி அவளைப் புதிதாகப் பதிய அழைத்துப் போனேன். அதில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று எனக்கும் தெரியும். முப்பத்தைந்து முடிய ஒரு வருடம்கூட இல்லை, வரிசையில் அவளுக்கு முன்னால் ஆயிரக்கணக்கான பேர். ஆனாலும் ஏதாவது செய்யாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "நீங்களே எழுதுங்க அண்ணா, எனக்குக் கை வரல்ல" என்று விண்ணப்பத்தை என்னிடம் நீட்டினாள். அவசரமாக எழுதிக் கொடுத்தேன். அதில் இருந்ததை அப்படியே பார்த்தெழுதி கிளார்க் புது அட்டை போட்டுக் கொடுத்தார்.

பதிந்த தேதியை அவள் விரலால் தொட்டாள். "அப்போ நான் இன்னைக்குத்தான் படிச்சு இறங்கினவளாக்கும்" என்றாள்.

முன்னெல்லாம் புதுப்பித்துவிட்டு வரும்போது பஸ் ஸ்டாண்டில் ஒரு எலுமிச்சை சர்பத் குடிப்பாளாம். வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பஸ் கிளம்பிய பிறகு அட்டையை விரித்து மேலிருந்து கீழாக வாசித்தாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. எட்டிப் பார்த்தேன். பிறந்த வருடம் 1956. அவள் பிறந்தது 1965. இலக்கத்தை மாற்றி எழுதியது கிளார்க் அல்ல, நான்தான். அந்த அட்டைப்படி அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. இனி எந்த வரிசையிலும் அவளுக்கு இடம் கிடையாது.

"இறங்கு மக்கா, இறங்கு. இப்பவே போயி மாத்திட்டு வருவோம்!" என்று எழுந்தேன்.

யாரோ ஒரு அமெரிக்கக் கிழவரின் வயதில் பத்து வருடம் பிசகியதைப் பொறுக்க முடியாமல் திருத்தியவள் புஷ்பபாய். அட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"இருக்கட்டும் அண்ணா. தப்பு தெரிஞ்சாலும் திருத்தப்பிடாதுன்னு எழுதியிருந்துதுல்லா."