அப்பா மாற்றிச் சொன்ன முடிவு

என் அப்பாவுக்கு இரண்டு தொழில். வாரநாட்களில் சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு பேக்டரி பஸ் ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமையானால் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கல்யாண மண்டபங்களில் மைக் பிடிப்பார். பழைய சினிமாப் பாட்டுகளை மட்டும் பாடும் ஒரு சின்ன இசைக்குழுவுக்கு அவர்தான் அறிவிப்பாளர். பாடுகிறவர்களுக்குக் கைதட்டல் கிடைக்கிறதோ இல்லையோ, அப்பாவுக்குக் கட்டாயம் கிடைக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அது பிறந்த கதையைச் சொல்லாமல் மைக்கை விடமாட்டார்.

கதைகளில் பாதி வானொலியில் கேட்டவை, மீதி பழைய பத்திரிகைகளில் படித்தவை. விட்டுப்போன இடங்களை அவரே நிரப்பிக்கொள்வார். அப்பாவின் கதைகளில் காய்ச்சல் இல்லாத பாடகரே கிடையாது. பாட்டுப் பதிவு செய்கிற அன்று மழை கொட்டும், கரண்டு போகும். "இதெல்லாம் நெசமாண்ணே?" என்று யாராவது கேட்டால், "பாட்டு நெசந்தானே? அப்ப கதையும் நெசந்தான்லா" என்று வாயை அடைத்துவிடுவார்.

அம்மாவுக்கென்று ஒரு பாட்டு இருந்தது. தாலாட்டுப் போலத் தொடங்கும் மெதுவான பாட்டு. இசையமைப்பாளரின் மனைவி நோயில் படுத்திருந்தாளாம். பல நாளாகத் தூக்கமே இல்லை. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆர்மோனியத்தில் இந்த மெட்டை வாசித்திருக்கிறார். அவளும் கண்ணயர்ந்தாள், ஆனால் மறுபடி எழுந்திருக்கவில்லை. "பாடி முடிச்ச பிறகும் புல்லாங்குழல் மட்டும் தனியா வருது பாருங்க, அது அவள எழுப்பிப் பாக்குது" என்று அப்பா முடிக்கும்போது மண்டபத்தில் கரண்டிச் சத்தம்கூடக் கேட்காது. எனக்கு அந்தக் கதை வரிக்கு வரி மனப்பாடம்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம், அம்மாவுக்கு வயிற்றில் வலி வந்தது. அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போய் வந்தார்கள். அப்பாவின் அக்கா, ஜித்ராவில் இருக்கும் அத்தை, எதுவானாலும் அம்மாவிடம் சொல்லவேண்டாமென்று முன்னதாகவே டாக்டரைப் பிடித்துக் கெஞ்சியிருந்தாள். டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த தீபாவளியைப் பார்ப்பது சந்தேகம் என்று சொன்னாராம். எங்கள் சனத்தில் பெரிய வியாதியை வியாதிக்காரரிடம் சொல்கிற வழக்கமில்லை. "அவகிட்ட ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. வயித்துப் புண்ணுன்னு சொல்லியாச்சு, அப்படியே இருக்கட்டும்" என்று அத்தை உத்தரவு போட்டாள். சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், பஸ்ஸில் வருகிற பெண்கள் என்று எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. அம்மாவுக்கும் எனக்கும்தான் வயிற்றுப் புண். இதையெல்லாம் நான் வளர்ந்தபிறகு அத்தை சொல்லித் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தப் பாட்டை அப்பா மேடையில் நிறுத்திவிட்டார் என்பது மட்டும்தான். யாராவது கேட்டாலும், "பாடற பொண்ணுக்குத் தொண்ட சரியில்ல" என்பார். அங்கேயும் ஒரு காய்ச்சல்.

அத்தை மகனின் கல்யாண விருந்து ஜித்ராவில் ஒரு மண்டபத்தில் மத்தியானம் நடந்தது. அப்பாவின் குழுதான் பாடியது. அம்மா மெலிந்து போயிருந்தாள். ரவிக்கை தொளதொளவென்று நின்றது. பார்த்தவர்கள் எல்லாரும், "அட, இப்ப தேறிட்டியே!" என்று ஒரே மாதிரி சொன்னார்கள். அம்மாவும் ஒரே மாதிரி சிரித்தாள். பிரியாணி வந்தபோது என்னைப் பக்கத்தில் இழுத்து, "பாப்பா, அப்பாகிட்டப் போயி என் பாட்டப் பாடச் சொல்லு. நான் கேட்டேன்னு சொல்லு" என்றாள்.

நான் மேடைக்கு ஓடிச் சொன்னேன். அம்மா இருந்த பக்கம் அப்பா பார்த்தார். பாடகியிடம் ஏதோ சொல்லி, கதையில்லாமலே பாட்டைத் தொடங்கப் பார்த்தார். விடுவார்களா? மாப்பிள்ளையின் கூட்டாளிகளுக்கு விஷயம் தெரியாது. அவர்கள், "கத, கத! கத சொல்லுங்க அங்கிள்!" என்று மேசையைத் தட்டினார்கள். அப்பா மைக்கை எடுத்தார்.

நோயில் படுத்த மனைவி வந்தாள், ஆர்மோனியம் வந்தது. "அவ நல்லாத் தூங்கினா" என்றார் அப்பா. "விடிஞ்சதும் எந்திரிச்சு, எனக்குப் பசிக்குது, காப்பி குடுங்கன்னு கேட்டா. அந்தச் சந்தோசந்தான் இந்தப் பாட்டு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா இப்படி உளறி நான் கேட்டதே இல்லை. சரியான முடிவைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், முன்வரிசை மேசையிலிருந்து அம்மா, "அது இல்லீங்களே முடிவு" என்றாள்.

அத்தை பாயசக் கிண்ணத்தோடு எழுந்து ஓடிவந்தாள். அம்மா அவளைக் கையாலேயே நிறுத்தினாள்.

"இதாம்மா முடிவு" என்றார் அப்பா.

"இல்லீங்க. எனக்குத் தெரியும். எப்பவும் சொல்றத எங்கிட்டயும் சொல்லுங்க."

அப்பா மைக்கைக் கீழே இறக்கினார். மேடையோரத்தில் நின்ற எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. "அவ எந்திரிக்கல" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மா தலையாட்டினாள். அத்தை கிண்ணத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பாடகி பாடத் தொடங்கினாள். பாட்டு முடிந்து, கீபோர்டில் புல்லாங்குழல் ஓயும்வரை அம்மா கைகளை மடியில் வைத்துக் கேட்டாள். பிறகு பிரியாணியில் கொஞ்சம் சாப்பிட்டாள்.

விருந்து முடிந்து திரும்பினோம். அலோர் ஸ்டார் தாண்டி, இரண்டு பக்கமும் வயலாக இருந்த இடத்தில் அப்பா காரை ஓரம் கட்டினார். ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்தார். தோள்கள் குலுங்கின. அம்மா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தபடி, "எத்தன நாளைக்குத்தான் நீங்களே தூக்கிக்கிட்டுத் திரிவீங்க?" என்றாள்.

எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அத்தனை பேர் முன்னால் கதையைத் தப்பாகச் சொல்லி மாட்டிக்கொண்டால் யாருக்குத்தான் வெட்கமாக இருக்காது? பின்சீட்டிலிருந்து எக்கி அவர் தோளைத் தொட்டேன்.

"பரவால்லப்பா, எல்லாருக்குந்தான் மறக்கும். அடுத்த தடவ அம்மா பாட்டு வரும்போது நான் பக்கத்துல நின்னு எடுத்துக் குடுக்கறேன்."

அம்மா என் கையை எடுத்துக் கன்னத்தோடு அழுத்திக்கொண்டாள். அப்பா இன்னும் உரக்க அழுதார். ஆறுதல் சொன்னால் அழுகை நிற்கத்தானே வேண்டும், இவருக்கு ஏன் கூடுகிறது என்று எனக்கு விளங்கவில்லை.