கண்டாக்கையாவுக்கு வந்த சேலை அழைப்புகள்

ஹட்டன் டவுனில் ஒரு சேலைக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஏழாவது மாதம் அது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "மகள், இனி மார்க்கெட்டிங் ஒங்க பொறுப்பு" என்றார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மதியச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டேன்.

தீபாவளிக்குப் பரிசுக் குலுக்கல் வைப்பதாக ஏற்பாடு. படிவத்தை நானே தயாரித்தேன். பெயர், தோட்டம், தொலைபேசி எண் என்று முதலாளி சொன்னது மூன்றுதான். பிறந்த நாள், வீட்டில் எத்தனை பெண்கள், கல்யாண வயதில் யாராவது உண்டா என்பதெல்லாம் என் சொந்தச் சரக்கு. எதற்கென்று கேட்டிருந்தால் எனக்கே பதில் தெரிந்திருக்காது. கேள்விகள் நிறைய இருந்தால் வேலை பெரிதாகத் தெரியும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கரப்பத்தனைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குப் பஸ் ஏறினேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல்களில் பெண்கள் படிவங்களை ஆசையாக வாங்கிக்கொண்டார்கள். கூடி உட்கார்ந்து எழுதினார்கள்; ஒருத்தி முதுகில் ஒருத்தி தட்டித் தட்டிச் சிரித்தார்கள். பரிசு கிடைக்கப்போகிற சந்தோஷம் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். தேத்தண்ணியும் ரொட்டியும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

மறுநாள் படிவக் கட்டை அப்படியே, கணினி வேலை செய்து தரும் பக்கத்துக் கொமியுனிகேசன் கடைப் பையனிடம் கொடுத்து, எல்லா எண்களுக்கும் செய்தி அனுப்பச் சொன்னேன். அடுத்தவர்களின் விவரத்தை இன்னொருவர் கையில் தூக்கிக் கொடுக்கிறோம் என்ற எண்ணமே வரவில்லை. செய்தியை மட்டும் ரசித்து ரசித்து எழுதியிருந்தேன்: "அன்புச் சகோதரியே, உங்கள் அழகுக்கு அழகு சேர்க்கக் காத்திருக்கிறோம். ஒருமுறை வந்து பாருங்கள்." கீழே கடையின் முகவரி.

சனிக்கிழமை ஒரு கணவனும் மனைவியும் கடைக்குள் வந்தார்கள். அவர் அந்தத் தோட்டத்தின் கண்டாக்கு. மலையில் நின்று வேலை வாங்குகிறவர். பெரிய மீசை. அந்த அம்மா கடை நடுவில் நின்று, "இங்க இவருக்காகக் காத்துக்கிட்டு இருக்கிறது யாரு?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும், "மார்க்கெட்டிங் நான்தாங்க" என்று கையைத் தூக்கினேன்.

கண்டாக்கையா தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "முப்பத்தெட்டுத் தடவ வந்திருக்கு. நான் எப்பம்மா ஒனக்கு அன்புச் சகோதரி ஆனேன்?"

ஓடிப்போய்ப் பையனிடமிருந்து படிவங்களை வாங்கி வந்து விரித்தேன். பெயர் வேறு, கையெழுத்து வேறு, எண் மட்டும் ஒன்றே. முப்பத்தெட்டுப் பெண்களும் கண்டாக்கையாவின் எண்ணைத்தான் எழுதியிருந்தார்கள். அந்த அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தார். பத்தாவது தாளில் சிரிப்பு வந்துவிட்டது. இருபதாவதில் சேலைக் குவியல்மேலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒங்க மேல எவ்வளவு பாசங்க!" என்று அவர் சொன்னபோது மீசைக்காரரும் சிரிப்பிடம் தோற்றுப்போனார். முதலாளி கல்லாவைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

அடுத்த ஞாயிறு மீண்டும் அந்த லயத்துக்குப் போனேன். என்னைக் கண்டதும் ஓர் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அவரு நம்பர ஏங்க்கா குடுத்தீங்க?"

"அவரு ஒருதடவ சத்தம் போட்டா, மறுபடி எவனும் எடுக்க மாட்டான்ல?"

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "போன வருசம் டவுன்ல குடை பரிசுன்னு நம்பர வாங்கினாங்க தங்கச்சி. குடையும் வரல. அதுக்கப்புறம் யாரு யாரோ பேசுறாங்க. கடன் வேணுமாங்கிறான் ஒருத்தன், தனியாவா இருக்கீங்கங்கிறான் இன்னொருத்தன். எம் மக படிக்கிற போன் அது. நீ நல்ல புள்ளதான். ஆனா எதுக்குக் கேக்குறேன்னு நீயும் சொல்லலையே?"

கல்யாண வயதில் பெண் உண்டா என்று நான் கேட்டிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முகம் சுட்டது.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போன் கடை வைத்திருக்கும் அவருடைய நண்பர் குலுக்கலில் சேரும் எண்களின் பட்டியலைக் கேட்டிருந்தார். இவரும் தருவதாகச் சொல்லியிருந்தார். படிவத்தை எடுத்துப் பார்த்தவர், "என்ட ஊட்டு நம்பர நானே அவனுக்குக் குடுக்க மாட்டேனே" என்று சொல்லி, அப்போதே நண்பரை அழைத்து முடியாது என்றார். கொமியுனிகேசன் பையனைப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் அழிக்க வைத்தேன். பழைய தாள்களைக் கிழித்துப் போட்டோம்.

புதுப் படிவத்தில் பெயரும் தோட்டமும் போதும். குலுக்கலும் அதை வைத்தே நடந்தது. விருப்பமிருந்தால் மட்டும் எண். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் எழுதினேன்: "புதுச் சேலை வந்தால் மட்டும் சொல்வோம். யாருக்கும் கொடுக்க மாட்டோம். வேண்டாமென்றால் உடனே அழித்துவிடுவோம்."

பதினொரு எண்கள் வந்தன. பதினொன்றும் வேறு வேறு! ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து நானே செய்தி அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் ஒரு குரல் பதிவு வந்தது. ஒரே போனில் மூன்று பெண்கள் முண்டியடித்தார்கள். "தங்கச்சி, பச்சையில இருக்கா?" "ஏய் தள்ளுடி, நான் கேக்குறேன்." "மயில் பச்ச இல்ல, எல பச்ச!"

"படம் அனுப்பட்டுங்களா?" என்று கேட்டேன்.

"அனுப்பு, அனுப்பு!"

ஏணியில் இரண்டு படி தாவி ஏறினேன். பச்சையில் ஆறு வகை இருந்தது. ஆறையும் கல்லா மேசையில் விரித்துவிட்டேன். கல்லாவுக்குப் பின்னால் இருந்த முதலாளியால் சேலைக் குவியலைத் தாண்டி எட்டிக்கூடப் பார்க்க முடியவில்லை.