டெல்மர் எடுத்த டப்பா

டெல்மர் புரூயிட்டுக்கு இடது கண்ணில் புரை முற்றிவிட்டது. வலது கண்ணும் அதன் பின்னாலேயே கிளம்பியிருந்தது. இதை அந்த மனுஷன் யாரிடமும் சொல்லவில்லை. சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியப் பாடினால் ஊருக்குத் தெரியாமலா போகும்? ஊரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்த ஆள். ஆலை மூடிப்போனது. பிறகு மனைவி நெட்ரா நுரையீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தாள். மிஞ்சியது மகள் ரனெல்லும், வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையும்தான். கொட்டகையில் பழைய சமையல் மேசை ஒன்றின் மேல் தோட்டா அடைக்கும் பிரஸ்ஸை முடுக்கி வைத்திருந்தார். சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளைக் கழுவி, அடியில் பொறி கிளப்பும் புதுக் கேப் வைத்து, வெடிமருந்து கொட்டி, மேலே ஈயக்குண்டை அழுத்தினால் மறுபடியும் தோட்டா. மேற்கு வர்ஜீனியா மலைப்பக்கத்தில் பாதி வீடுகளில் இது நடக்கிறதுதான். பெண்கள் நாங்கள் கண்ணாடிப் புட்டிகளில் பீன்ஸ் அடைப்போம், ஆண்கள் தோட்டா அடைப்பார்கள். ஆனால் டெல்மர் அடைத்ததற்குத் தனி மரியாதை இருந்தது. "டெல்மர் போட்டதா? அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கிப் போவார்கள். கடைசி வருஷங்களில் அந்த ஒரு பேச்சைத் தின்றுதான் மனுஷன் உயிரோடு இருந்தார்.

ரனெல் கவுண்டி சிறைச்சாலையில் காவலாக இருந்தாள். கட்டினவன் வேறு ஒருத்தியோடு போய்விட்டான், அந்தக் கதை இங்கே வேண்டாம். சிறை வேலையில் கை நேராக இருக்க வேண்டும். துப்பாக்கி பிடிக்க முடியாதவளுக்கு அங்கே இடம் கிடையாது. சனிக்கிழமை தோறும் கல்குவாரியில் நடக்கும் இரும்புத் தட்டுப் போட்டியில் அப்பாவின் தோட்டாக்களைத்தான் சுடுவாள்.

நாட்டில் எங்குமே வெடிமருந்து கிடைக்காமல் கடைகள் காய்ந்து கிடந்த சமயம் அது. ஒரு வழியாக வர்ஜில் ஸ்டாம்பர் கடைக்கு இரண்டு வகை வந்தது. ஒன்று சன்னமாக, கனமாக இருக்கும். சட்டென்று எரியும். துளியூண்டு போட்டால் போதும், ஒரு டப்பா குளிர்காலம் முழுக்க வரும். மற்றது செதில் செதிலாக உப்பலாக இருக்கும். கூட்டில் பாதிக்கு மேல் நிறைந்துவிடும், டப்பாவும் சீக்கிரம் காலியாகும். அப்பாவும் மகளுமாகக் கடைக்குப் போனார்கள். அடுப்பைச் சுற்றி வழக்கமாக உட்கார்ந்திருக்கும் கூட்டம் அன்றைக்கும் உட்கார்ந்திருந்தது.

"அப்பா, இந்த வாட்டி உப்பலா இருக்கிறதை எடு" என்றாள் ரனெல்.

"எதுக்கு? தவிடு மாதிரி இருக்கு. மருந்து அளக்கிற உருளையில ஒட்டிக்கும். துப்பாக்கியெல்லாம் கரி."

"கரியைத் துடைச்சுக்கலாம். கைதவறி ஒரு கூட்டுல ரெண்டு வாட்டி கொட்டிட்டேன்னு வை, இது வழிஞ்சு மேசையில விழும். நீ எடுக்கிறது ரெண்டு வாட்டி கொட்டினாலும் அடியில காப்பி வண்டலாட்டம் கிடக்கும், சுடும்போதுதான் துப்பாக்கியே வெடிக்கும். அதுக்கு முன்னாடி யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"உனக்கு மாத்திரை டப்பாவில எழுதியிருக்கிறதே தெரியல!"

அடுப்படியில் ஒருத்தன் கெக்கெக்கென்று சிரித்தான். கடைக்காரன் வர்ஜில், "பொண்ணு சொல்றது நியாயம்தான்யா. இப்பல்லாம் நானே அதைத்தான் போடுறேன்" என்றான்.

"நீ போடுவடா. கட்டின பொண்டாட்டி பேரே உனக்கு ரெண்டாவது வாட்டிதான் வாயில வரும். உன்னை மாதிரி ஆளுக்குத்தான் அந்த மருந்து."

இப்போது எல்லோரும் வர்ஜிலைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தவர்களைத் தன் பக்கம் திருப்பிவிட்ட பிறகு டெல்மரால் மகள் சொன்ன டப்பாவை எப்படி எடுக்க முடியும்? சன்ன மருந்தை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். அடுப்படியில் அந்த வெட்டிக்கூட்டம் இல்லாமல் இருந்திருந்தால் மற்றதை எடுத்திருப்பாரோ என்னவோ. ஆண்பிள்ளைகள் நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் தன் வீட்டையே கொளுத்திக்கொள்வார்கள்.

"சரி, உன் இஷ்டம்" என்றாள் ரனெல். "டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணா பாரு."

"எனக்கே பாடமா? போடி."

துளைபோட்ட மரப்பலகையில் கூடுகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றாக மருந்து உருளைக்கு அடியில் வைத்துக் கைப்பிடியை ஒரு முறை திருப்புவார், ஓர் அளவு மருந்து விழும். பலகை முடிந்ததும் குண்டு செருகுவதற்கு முன்னால் டார்ச் அடித்து எல்லாக் கூட்டுக்குள்ளும் மருந்து ஒரே மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் அந்தக் கூட்டைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு மறுபடி போட வேண்டும். இதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

அன்று பலகையில் பாதி ஆகியிருக்கும்போது வீட்டில் போன் அடித்தது. மான்கறி சாசேஜ் மீதி இருக்கிறதா என்று பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து ஒருத்தி. அவளிடம் வம்பு பேசிவிட்டுத் திரும்பி வந்தார். எந்தக் கூட்டில் விட்டோம்? இதில் கொட்டினோமா, கொட்டவில்லையா? கொட்டவில்லை என்று தோன்றியது. கைப்பிடியைத் திருப்பினார். முடித்ததும் டார்ச்சும் அடித்தார். புரை விழுந்த கண்ணுக்கு அத்தனை கூடும் ஒரே கறுப்புக் குழிகளாக இருந்தன. சரியாகத் தெரியவில்லை என்பது தெரிந்தது. ஆனால் இத்தனை வருஷமாகச் சரியாகத்தானே இருந்திருக்கிறது? டார்ச்சை அணைத்துவிட்டுக் குண்டுகளைச் செருகினார்.

சனிக்கிழமை குவாரியில் நல்ல குளிர். யாரோ லாரியின் பின்கதவில் சில்லிக் குழம்புப் பானையை வைத்து எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். டெல்மரும் கிண்ணத்தோடு நின்றிருந்தார். ரனெல் சுட்டாள், தட்டு விழுந்தது. மறுபடி சுட்டாள், விழுந்தது. அடுத்தது மற்ற வெடிகளைப் போல இல்லை. நெஞ்சில் அடித்தது போல இருந்தது. ரிவால்வரின் மேல்பட்டை பிய்ந்து போயிருந்தது, தோட்டா போடும் உருளையில் பாதியைக் காணோம். அவள் வலதுகைக் கட்டைவிரலையும் காணோம். ஆள்காட்டி விரல் தோலில் தொங்கியது. அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, ஏதாச்சும் துணி குடு" என்றாள்.

ஊர் காரணம் தேட ஆரம்பித்தது. பழைய துப்பாக்கி, இரும்பு களைத்திருக்கும் என்றார்கள். வர்ஜில் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கே வந்து, "கம்பெனிக்காரன் மருந்துல கோளாறு பண்ணியிருப்பான். உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க, டெல்மர்" என்று தோளைத் தட்டினான். டெல்மர் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து மீதித் தோட்டாக்களைப் பிரித்தார். குண்டைப் பிடுங்கி, மருந்தைத் தராசில் கொட்டி, பூதக்கண்ணாடியை முள்ளின் மேல் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. இன்னும் ஒன்றிரண்டாவது பிசகியிருந்தால் மருந்து உருளை மேல் பழியைப் போட்டிருக்கலாம். பிசகியது ஒன்றே ஒன்று.

மறுநாள் வர்ஜிலிடம் அந்த உப்பல் மருந்தை வாங்கி வந்தார். ஒரு கூட்டைக் கையில் பிடித்து உருளைக்கு அடியில் வைத்து இரண்டு முறை திருப்பினார். மருந்து பொங்கி வழிந்து அவர் விரல்களில் கொட்டியது. கண்ணே வேண்டியதில்லை. குருடனுக்கும் தெரிந்திருக்கும்.

ரனெல்லுக்கு வேலை போனது. இடதுகையால் சுடப் பழகுகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தாள், சிறைக்காரர்கள் அனுதாபத்தோடு அனுப்பிவிட்டார்கள். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு அப்பா வீட்டுக்கே வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பன்றிக்கறி வறுவல், பீன்ஸ், சோள ரொட்டி.

"ரனெல், துப்பாக்கி நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் டெல்மர்.

"சாப்பிடு, ஆறிடும்."

"மருந்துலயும் கோளாறு இல்ல. நான்தான் ரெண்டு வாட்டி கொட்டிட்டேன். போன் வந்துச்சு, எழுந்து போனேன். வந்து டார்ச் அடிச்சேன். கண்ணு தெரியல. தெரிஞ்ச மாதிரி மூடிட்டேன்."

ரனெல் ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"இதை ஏன் எங்கிட்ட சொல்றே?"

"அதுதானே உண்மை."

"உண்மையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? இரும்பு களைச்சுப்போய் வெடிச்சிருச்சுன்னு நினைச்சுக்கிட்டு உன் வீட்டுல சோறு தின்னுட்டு இருந்தேன். இனிமே எங்க போய்த் தின்னுறது? சொல்லு."

சொல்லிவிட்டால் நெஞ்சுப் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தார். இறங்கியது, நேராக அவள் மேல்.

அவள் இடதுகையில் கத்தியைப் பிடித்துக் கறியை அறுத்துப் பார்த்தாள். முள்கரண்டியைப் பிடிக்க மறுகையில் கட்டைவிரல் இல்லை. கறித்துண்டு தட்டைச் சுற்றி வழுக்கிக்கொண்டே போனது. கடைசியில் தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"வெட்டிக் குடு."

டெல்மர் தட்டை முகத்துக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு குனிந்து வெட்டினார். கத்தி கடக்கென்று முட்டியது. திருப்பி வெட்டினார், மறுபடி முட்டியது.

"அது எலும்பு" என்றாள் ரனெல். "இந்தப் பக்கம் வா."